காருக்கு உயிர்ச் சான்று

முத்தரசி கட்ட வேண்டிய பாக்கி, வட்டியும் அபராதமும் சேர்த்து, நான்கு லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூற்று ஏழு ரூபாய். முத்தரசி என்பது ஒரு கார்.

காருக்காக நாங்கள் பட்ட கடன் இல்லை இது. கார் தானே பட்ட கடன். கேட்கிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டுவதற்கு ஆள் இல்லாமல் தானே ஓடுகிற வண்டிக்கு மனுசனுக்கு உள்ளதெல்லாம் உண்டு என்று சட்டம் போட்ட வருசம் அது. பெயர் வைத்துக்கொள்ளலாம். வங்கியில் கணக்கு வைக்கலாம். கடன் வாங்கலாம். மூன்றாவதற்காகத்தான் முதல் இரண்டையும் கொடுத்தார்கள் என்று எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

ஒரு நிதிக் கம்பெனிக்காரன் வேப்பலோடைப் பக்கம் எங்கள் உப்பளத்துக்கே வந்தான். பாத்தி வரப்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று பேசினான்.

"இந்தக் காரு தன்னத்தானே விலைக்கு வாங்கிக்கிடும்க்கா. உங்களச் சவாரி ஏத்தும், காசு வாங்கும், தவணை கட்டும். கடன் தீந்துட்டா அது யாருக்கும் சொந்தமில்ல, சுதந்திரம். ரெண்டு பேரு சாட்சி போட்டாப் போதும்."

நானும் என் அண்ணன் பெண்டாட்டி சந்தனமாரியும் கைநாட்டு வைத்தோம். எனக்கு அன்றைக்கு எழுத்து தெரியாது. மதினிக்கு இன்றைக்கும் தெரியாது. கல்யாணத்துக்குச் சாட்சி போடுகிற மாதிரி ஏதோ என்று நினைத்தோம். பேர் என்ன என்று கேட்டான். மதினிதான் முத்தரசி என்றாள்.

நாலு வருசம் நன்றாக ஓடியது. ஐந்து பேர் உட்காரும் வண்டியில் ஏழு பெண்கள் ஏறுவோம். ஊரில் இருந்து அளத்துக்கும் அளத்தில் இருந்து ஊருக்கும் பேச்சுதான். யார் வீட்டில் சண்டை, குழுக் கடனில் யார் தவணை தவறினாள், எவன் ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பூருக்கு ஓடிவிட்டான், எல்லாம். முத்தரசி முதலில் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி பேசும். ஆறு மாதத்தில் எங்களை மாதிரியே பேசத் தொடங்கிவிட்டது.

பிறகு கம்பெனி புதுக் கார்களை இறக்கியது. சவாரி யாருக்கு என்று முடிவு செய்வது கம்பெனியின் செயலி. பழைய காருக்குக் கடன் தீரப் போகிறது, புதுக் காருக்கு இப்போதுதான் தொடங்குகிறது. யாருக்குச் சவாரி கொடுப்பான்? முத்தரசிக்கு ஆள் வரவில்லை, பெட்ரோல் போடக் காசு வரவில்லை. ஒருநாள் உப்புக் குவிக்கிற தட்டுமேட்டின் ஓரத்தில் நின்றது. நின்றதுதான். மதினி ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடினாள். ஆறு வருசம் கடந்து போயிற்று. வட்டிக்கு மட்டும் தார்ப்பாய் இல்லை.

இந்த மழைக்காலத்தில் கடுதாசி வந்தது. நான் மதினிக்கு வாசித்துக் காட்டினேன். கடனாளி முத்தரசி இறந்துவிட்டதாகக் கம்பெனி அறிவிக்கிறது. கடனாளி இறந்தால் மட்டும், இறந்தால் மட்டுமே, பாக்கி சாட்சிகளைச் சேரும். ஆகவே லிங்கக்கனி, சந்தனமாரி ஆகியோரின் வீடும் மனையும் ஏலத்துக்கு வரும். ஆட்சேபனை இருந்தால் மாதக் கடைசிக்குள் கடனாளி தூத்துக்குடி கடன் மன்றத்துக்கு நேரில் வர வேண்டும். யாரும் இழுத்தோ தூக்கியோ வரக் கூடாது. தன் சக்கரத்தில் வந்து, தன் வாயால், உயிரோடு இருப்பதாகச் சொல்ல வேண்டும். பென்சன்காரர்கள் வருசா வருசம் போய் முகத்தைக் காட்டுகிறார்களே, அதே மாதிரி.

மதினி கேட்டாள்: "செத்தது காரு. பால் ஊத்துறது நாமளா?"

"வீட்ட எழுதி வாங்கிருவான் மதினி."

"எந்த வீட்ட? நான் மண்ணு சுமந்து கட்டுன வீட்டயா? ஏளா லிங்கம், அது சாகலன்னு காட்டிட்டா?"

"ஆறு வருசமாக் கெடக்கு."

"உங்க அண்ணனும்தான் பத்து வருசமாக் கெடக்காவ. சாப்பாட்டுக்கு எந்திரிக்கலயா?"

இப்படித்தான் தொடங்கியது.

அளத்தில் பம்பு செட்டுகளுக்கு மெக்கானிக் வேதமுத்து. மழையில் பம்புகள் எல்லாம் சும்மா கிடந்ததால் அவனும் சும்மா இருந்தான். தார்ப்பாயை விலக்கிப் பார்த்துவிட்டு நாலு அடி பின்னால் நகர்ந்தான்.

"லிங்கக்கா, இத எரிக்கவா புதைக்கவா?"

"ஓட வைக்கணும்."

"உப்புக்காத்துல ஆணி ஒரு வருசம் தாங்காது. இது காரு. அதுலயும் பாதி பெட்ரோலு, பாதி பேட்டரி."

"முடியாதுன்னா சொல்லிட்டுப் போ. நாங்களே பாத்துக்கிடுதோம்," என்றாள் மதினி.

"நீங்க என்னத்தப் பாப்பிய?"

"ஆளுக்கொரு சக்கரத்தப் பிடிச்சு உருட்டிட்டுப் போவோம். உனக்கென்ன?"

வேதமுத்து சிரித்தான். பிறகு சிரிக்காமல் சொன்னான்: "எங்க அண்ணன் ஒரு லாரிக்குச் சாட்சி போட்டிருக்கான். அதுவும் எட்டயபுரம் ரோட்டுல நிக்கி. இது நடக்கான்னு எனக்கும் பாக்கணும்."

முன்மூடியைத் திறக்க முடியவில்லை. கீல் இறுகியிருந்தது. கடப்பாரையால் நெம்பித் திறந்தால் உள்ளே எலிக்கூடு. உப்புச் சாக்கு நூலும் கடித்த வயரும் சேர்த்து மெத்தை மாதிரி கட்டியிருந்தது. "எத்தனை பேறுகாலம் நடந்துச்சோ," என்று மதினி அள்ளி அள்ளிப் போட்டாள். டாங்கில் இருந்த பெட்ரோலைக் குழாய் போட்டு உறிஞ்சி இறக்கினான். வார்னிஷ் வாடை. அதைக் கொண்டு அடுப்புக்கூடப் பற்ற வைக்க முடியாது என்றான். சின்ன பேட்டரி வீங்கிக் கிடந்தது. பெரிய பேட்டரிப் பெட்டியை அவன் தொடவே இல்லை, அதன் இணைப்பை மட்டும் கழற்றிக் கட்டி வைத்தான். "இனிமே இது வெறும் பெட்ரோல் காருதான்."

எடுத்த எடுப்பில் சாவி போட விடவில்லை. பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊற வைத்தான். மறுநாள் பெரிய ஸ்பானரை மாட்டி என்ஜினைக் கையால் சுற்றச் சொன்னான். நானும் மதினியும் தொங்கினோம். அசையவில்லை. உப்பு வாருகிற பலகையை இழுத்து இழுத்து இறுகிப்போன தோள் எங்களுடையது. மூன்றாம் நாள் மதியம் உள்ளே எங்கேயோ முனகியது. கால்வாசி சுற்று. பிறகு அரைச் சுற்று. மதினி ஸ்பானரை விட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்து அழுதாள். ஏன் அழுகிறாய் என்றால் தோள் வலிக்கிறது என்றாள்.

பிரேக் தட்டில் துரு ஏறி நான்கு சக்கரமும் பிடித்திருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கி, தட்டி, உப்புத்தாள் வைத்துத் தேய்த்தோம். டயருக்குக் காற்று அடித்தால் நின்ற இடத்தில் தட்டையாகவே இருந்தது. ஓடினால் குதிரை வண்டி மாதிரி குதிக்கும், ஆனால் ஓடும் என்றான். கடித்த வயர்களை முடிந்து முடிந்து ஒட்டினான். பம்பு செட்டு பேட்டரியை மாட்டிப் புதுப் பெட்ரோல் ஊற்றினான்.

என்ஜின் இருமியது. அணைந்தது. திரும்ப இருமிக் கரும்புகை கக்கிவிட்டு ஓடத் தொடங்கியது. அளத்தில் வடிகால் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள்.

உள்ளே விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் குரல், நடுவில் கரகரத்து வந்தது.

"இருட்டா இருக்கு."

பட்டப்பகல். எங்களுக்கு ஒன்றும் ஓடவில்லை. வேதமுத்து குனிந்து கண்களைப் பார்த்தான். முத்தரசிக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, கூரைமேல் ஒன்று என்று குண்டு குண்டாகக் கண்ணாடிக் கண்கள். ஒவ்வொன்றின் மேலும் மஞ்சளாகக் கட்டை தட்டிப் போயிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தான்.

"என்னக்கா இது? சந்தனமா?"

மதினி பெருமையோடு சொன்னாள்: "ஆயுத பூசைக்கு வச்சது. ஒரு வருசம் விட்டதில்ல. சந்தனமும் குங்குமமும். பொட்டு வைக்கத் தோதா குமிழ் குமிழா இருந்துச்சு."

"ஆறு வருசமாவா?"

"நின்னுபோச்சுன்னா கும்பிட மாட்டமா?"

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அந்தக் கடுதாசிய வாசிங்கக்கா. எதனால செத்துச்சாம்?"

நான் எடுத்து வாசித்தேன். கம்பெனி மூன்று தடவை தூரத்தில் இருந்து கண்ணைத் திறந்து பார்க்கச் சொன்னதாகவும், மூன்று தடவையும் கடனாளிக்கு இருட்டு மட்டுமே தெரிந்ததாகவும், அதன்பின் பதிலே இல்லை என்றும் இருந்தது.

"அப்ப கொன்னது கம்பெனி இல்ல. நீங்க ரெண்டு பேரும்தான்."

மதினி தேங்காய் எண்ணெயைத் தொட்டு ஒவ்வொரு கண்ணாகத் தேய்க்க உட்கார்ந்தாள். முதல் கண் தெளிந்ததும் முத்தரசி கேட்டது: "ஏட்டி சந்தனமாரி, இவ்வளவு நரைச்சுட்ட? லிங்கம் எங்க? இருமல் கேக்கே. இன்னும் டாக்டரப் பாக்கலயா அவ?"

நான் இருமிக்கொண்டே அந்தக் கண்ணுக்கு முன்னால் போய் நின்றேன்.

பிறகு அது கேட்டதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது. "என்னை ஏன் எழுப்புனிய? அணைஞ்சு கெடந்தா யாருக்கும் தொல்ல இல்லன்னு நெனைச்சேன். எங்கடன் என்னோட போயிரும்லா?"

"போகாது. நீ செத்தா எங்க தலையில விழும்."

"அது எனக்கு யாரும் சொல்லலயே. நீங்க சாட்சின்னுதான சொன்னாவ."

"எங்களுக்கும் அப்படித்தான் சொன்னாவ."

நான் கடுதாசியை முழுசாக வாசித்துக் காட்டினதும் முத்தரசி, "என்னைக்குப் போகணும்?" என்றது.

மாதக் கடைசி நாள் காலையில் புறப்பட்டோம். மழை. வேதமுத்து முன் இருக்கையில் கருவிப் பையோடு. பின்னால் நானும் மதினியும். டயர் சொன்ன மாதிரியே குதித்தது. இடப்பக்கச் சக்கரம் உரசி உரசித் தீய்ந்த வாடை வந்தது. ஓடைப் பாலத்துக்கு முன்னால் ரோட்டின்மேல் தண்ணீர். முத்தரசி மெதுவாக இறங்கியது. நடுவில் என்ஜின் நின்றுவிட்டது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் கொக்கி லாரி ஒன்று எங்களுக்காகவே நின்றுகொண்டிருந்தது. அதில் இருந்து கம்பெனிச் சட்டை போட்டவன் குடையோடு வந்தான்.

"கெளம்புன உடனேயே எங்களுக்குத் தகவல் வந்துட்டுக்கா. வழியில நின்னா பிரேதம்னு எடுத்துரணும்னு உத்தரவு. எறங்குங்க."

"பேசிட்டிருக்கிற வண்டியப் பிரேதம்ங்க?" என்றாள் மதினி.

"நகரலைல்லா?"

"நீயும்தான் நகராம நிக்க. உன்னயும் கொக்கியில மாட்டவா?"

வேதமுத்து மழையில் இறங்கி முன்மூடியைத் திறந்து, துண்டால் வயர்களைத் துடைக்கத் தொடங்கினான். கம்பெனிக்காரன் கொக்கியை இறக்கச் சொல்லிக் கை காட்டினான். அப்போதுதான் முத்தரசி மெல்லச் சொன்னது: "எறங்காதிய. உள்ள ஆள் இருந்தா வண்டியத் தூக்கக் கூடாது. எனக்குப் படிச்சுக் கொடுத்த முதல் விதி அது."

எங்களுக்குப் பின்னால் அளத்துப் பெண்கள், கடன் மன்றத்தில் நடப்பதை வேடிக்கை பார்க்க, மினி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். தண்ணீரைப் பார்த்து அந்த பஸ்ஸும் நின்றிருந்தது. மதினி கண்ணாடியை இறக்கி ஒரு சத்தம் கொடுத்தாள். முழங்கால் தண்ணீரில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஐந்து பேர் வந்தார்கள். கதவைத் திறந்து ஏறி, மடிமேல் மடியாக உட்கார்ந்தார்கள். பழைய ஏழு பேரில் ஒருத்தி இப்போது உயிரோடு இல்லை, அவள் இடத்தில் அவள் மகள் பேச்சிக்கனி உட்கார்ந்தாள்.

"தூக்கு பாப்போம்," என்றாள் அவள், கம்பெனிக்காரனைப் பார்த்து. "ஏழு உயிரு உள்ள இருக்கு. எந்த உத்தரவு வச்சுத் தூக்குவ?"

அவன் யாரிடமோ போனில் பேசினான். பேசப் பேசக் குரல் இறங்கிக்கொண்டே போனது. கொக்கி பாதியில் தொங்கியது. வேதமுத்து துடைத்த துண்டைப் பிழிந்து திரும்பத் துடைத்தான். என்ஜின் ஒரு தடவை, இரண்டு தடவை வெறுமனே சுற்றிவிட்டு, பிடித்துக்கொண்டது.

"ஒருத்தியும் ஆடாதிய," என்றது முத்தரசி. "பிரேக்கு என் கையில இல்ல." வேதமுத்து முன்னால் நெருக்கி ஏறிக்கொண்டதும் கொக்கி லாரியை உரசிக்கொண்டு பாலம் ஏறினோம்.

கடன் மன்றத்தில் வண்டிகளுக்கென்று முற்றத்தில் ஒரு சன்னல். பக்கத்துச் சன்னலில் பென்சன்காரர்கள் வரிசை. நாங்கள் புகை கக்கிக்கொண்டு நுழைந்ததும் அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இடம் விட்டார்கள். சன்னலில் இருந்தது ஒரு பெண் அதிகாரி. பக்கத்தில் கம்பெனி வக்கீல்.

"பெயர்?"

"முத்தரசி."

"உயிரோடு இருக்கிறீர்களா?"

"இருக்கேம்மா. நீ சாப்பிட்டியா?"

பென்சன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டு, திரையைத் தொட்டு, உயிர்ச் சான்று பதிவானது என்றார். மதினி என் கையை நசுக்கிவிட்டாள். வீடு தப்பியது.

ஆனால் வக்கீல் கவலைப்பட்ட மாதிரியே இல்லை. "ரொம்ப நல்லது," என்றார். "உயிரோட இருந்தா கட்டணும். ஓடு, கட்டு. என்னைக்காவது ஒருநாள் நிக்கத்தானே போற? அன்னைக்கு அந்த ரெண்டு அம்மாவையும் பாத்துக்கறோம்."

அதுதான் உண்மை. நாங்கள் சாவைத் தள்ளிப் போட்டிருந்தோம், அவ்வளவுதான். இந்தப் பிரேக்கும் இந்த டயரும் எத்தனை நாள்?

முத்தரசி சொன்னது: "நான் மஞ்சக் கடுதாசி கொடுக்கேன்."

எங்கள் ஊர்ப்பக்கம் அந்த வார்த்தையை வீட்டுக்குள் சொல்ல மாட்டார்கள். கொடுத்தவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், பந்தியில் பக்கத்தில் உட்கார யோசிப்பார்கள். பூச்சி மருந்தைக் குடித்தவர்கள் உண்டு, மஞ்சக் கடுதாசி கொடுத்தவர்கள் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. மதினிகூட, "ஏட்டி, வேண்டாம்ட்டி, அசிங்கம்," என்று முணுமுணுத்தாள்.

வக்கீல் எழுந்துவிட்டார். "ஒரு வண்டி எப்படித் திவால் கேக்க முடியும்?"

அதிகாரி திரையில் எதையோ தேடிப் படித்தார். நிதானமாகத்தான் பேசினார். "ஆளுக்கு உள்ளதெல்லாம் வண்டிக்கும் உண்டுன்னு சட்டத்துல இருக்கு சார். கடன் வாங்கலாம்னா திவாலும் கேக்கலாம். எல்லாருக்கும் உண்டு. யாரும் வந்து கேக்கறதில்ல."

"அப்ப சாட்சிகள்?"

"இறந்தால் மட்டும், இறந்தால் மட்டுமேன்னு உங்க கம்பெனி எழுதின பத்திரம்தான். இது இறப்பு இல்லையே."

"வண்டிய ஜப்தி செய்யுங்க!"

"தொழில் செய்யற கருவிய ஜப்தி செய்யக் கூடாது. அதுக்கு அந்த உடம்புதான் கருவி."

வக்கீல் காரின் முன்கண்ணைப் பார்த்துக் கத்தினார்: "உனக்கு வெக்கமா இல்ல?"

"இவளுக நாலு வருசம் எனக்குள்ள உக்காந்து வெக்கத்தப் பத்தித்தான் பேசுனாளுக," என்றது முத்தரசி. "வெக்கத்துக்குப் பயந்து கம்மல வித்துக் கட்டுனது, தாலிய வித்துக் கட்டுனது. கேட்டுக் கேட்டு எனக்கு ஒண்ணுதான் வெளங்குச்சு. அந்த வெக்கம் அவளுகளுக்கு ஒரு வேளச் சோறு போடல. உங்களுக்குத்தான் போட்டுச்சு."

 என்ஜின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தால் திரும்பப் பிடிக்காதோ என்று வேதமுத்து அணைக்க விடவில்லை.

அதிகாரி வாய்விட்டு வாசித்துக்கொண்டே பதிந்தார். நான்கு லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூற்று ஏழு. வசூலாகாக் கடன். தள்ளுபடி.

வக்கீல் உட்காரவில்லை. கடைசியாகத் தன் போனைத் தட்டி அதிகாரியின் திரைக்கு ஒரு பட்டியலை அனுப்பினார். "திவாலானவருக்கு வெளியில இருந்து வர வேண்டிய பாக்கி இருந்தா அது எங்களச் சேரும். இந்தா இருக்கு. மழைக்காலத்துல வேலையில்லாத நாளு, ஆஸ்பத்திரிக்கு, ரேசனுக்குன்னு இந்தம்மாமார் ஏறுன சவாரி. ஒண்ணுக்கும் காசு கொடுக்கல. பேரோட இருக்கு."

அது நிஜம். மழையில் கூலி கிடையாது. முத்தரசி அப்புறம் பார்த்துக்கலாம் என்று சொல்லும், நாங்கள் இறங்கிப் போய்விடுவோம். அந்தப் பாக்கியை அது எழுதி வைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. பேச்சிக்கனி தன் அம்மா பேரைத் திரையில் பார்த்துவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"இந்தப் பாக்கி உங்களுக்கு வர வேண்டியதுதானா?" என்று அதிகாரி முத்தரசியைக் கேட்டார்.

"எழுதுனது கம்பெனி செயலி. ஓடுனது நான். அது கடன் இல்லம்மா. மழைக்கு ஒதுங்க எடம் கொடுத்தது. அழிச்சிரு."

"திவால் உத்தரவு கையெழுத்தாகிறதுக்கு முன்னாடி அழிச்சா செல்லும்," என்றார் அதிகாரி, வக்கீலைப் பார்க்காமல். "நான் இன்னும் கையெழுத்துப் போடல."

அவர் ஒவ்வொரு பேராக விரலால் தொட்டார். தொடத் தொட ஒவ்வொன்றும் மறைந்தது. செத்தவள் பேர் மறைந்தது. என் பேர் மறைந்தது. கடைசிப் பேர் சந்தனமாரி. அது போக மாட்டேன் என்று நின்றது. அதிகாரி விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை, கொஞ்சம் அழுத்தி வைத்தார். அதுவும் மறைந்தது.